அண்ணி கண்டுபிடித்த இரண்டு நிமிடங்கள்

என் அண்ணிக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் விசாரணைக் கமிஷன். வைத்தது அண்ணன். கல்யாணமான மூன்றாம் நாள், குளியலறைக் குழாயில் சுடுதண்ணீர் வருவதற்கு முன்னால் ஏன் இவ்வளவு பச்சைத் தண்ணீர் ஓடுகிறது என்று அண்ணி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, குழாய் போகிற வழியெல்லாம் சுவரைத் தட்டிக்கொண்டே போய், சூடாக்கும் பெட்டி வீட்டின் மறுகோடியில் படிக்கட்டுக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. முப்பது வருஷமாக அதே குழாயில் குளித்த அண்ணன் அன்றைக்கே பெயர் சூட்டிவிட்டார்.

நான் மாடியில் இருக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிற ஜீவன். அதனால்தான் அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் செய்த பெரிய தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்கு அது தப்பென்று தெரியவில்லை. கூடவே கைதட்டினேன்.

அண்ணி பன்னிரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டினார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தோழியின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தோழிக்கு விடியற்காலை ஷிஃப்ட். யார் கூட்டிப்போவது? அண்ணி யோசித்தார், விசாரித்தார், இன்னும் இரண்டு பேருக்கு அதே நிலைமை என்று கண்டுபிடித்தார். பஸ் வேலையை விட்டு, ஒரு மின்சார வேனை வாங்கி, அதையே தொழிலாக்கிக்கொண்டார். இன்றைக்கு அந்த வேனில் போகிறவர்கள் மூன்று பேர்: ஒரு சமையல்காரம்மா, ஒரு தபால்காரர், தோழியின் கணவர். கடைசியாகச் சொன்னவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஐம்பது வயதிருக்கும். ஊருக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த்திசையில் வீடு.

காலை ஆறரைக்கு மெஷின். ஆறரைக்குப் போகாவிட்டால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே அண்ணி நாலரைக்குக் கிளம்ப வேண்டும். மூன்று பேரையும் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர வேனின் பேட்டரியில் பாதிக்கு மேல் கட்டாயம் இருக்க வேண்டும். வழியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இடம் எதுவும் கிடையாது. ஒன்று வையுங்கள் என்று கேட்டால் மின்கம்பி அவ்வளவு சுமை தாங்காது என்கிறார்களாம். எல்லாம் எங்கள் வீட்டு வாசல் சார்ஜரை நம்பித்தான்.

எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் இந்தச் சார்ஜர் இருக்கிறது. எல்லாருக்கும் மின்சாரம் வருவது தெருமுனையில் நிற்கிற ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. அது நட்ட காலத்தில் தெருவில் இருந்தவை விளக்கும் ஃபேனும்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினோரு பேரும் வேலையிலிருந்து வந்து, அடுப்பையும் துணி இயந்திரத்தையும் போட்டு, காரையும் சொருகினால் அது என்ன செய்யும், பாவம். அதனால் போன வருஷம் மின்சாரக் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்தது. சுமை கூடினால் பெட்டி எல்லாச் சார்ஜருக்கும் தகவல் அனுப்பும். பச்சை விளக்கு ஆரஞ்சாகும். மின்சாரம் நிற்காது, ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஒன்பது மணிக்கு மேல் தெரு அடங்கியதும் மறுபடி பச்சை.

இதில் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். தினமும் காலையில் வேனில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தது. எங்கள் தெருப் பல் டாக்டர் காரில் நூறு இருந்தது. அவருக்குப் பக்கத்து வீட்டுப் பேக்கரிக்காரர் காரில் நூறு இருந்தது. ஆனால் காலையில் நூறு இருந்ததை யார் பார்த்தார்கள்? எல்லாருடைய கண்ணையும் உறுத்தியது சாயங்கால ஆரஞ்சு விளக்குதான். நான் சைக்கிள்காரன். என் வேகத்தைக் குறைக்க என் முழங்காலுக்கு மட்டும்தான் அதிகாரம். அதனால் வேடிக்கை பார்த்தேன்.

அண்ணியை அந்த விளக்கு உறுத்தவில்லை, கூப்பிட்டது. எப்போது மாறுகிறது, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்திலா, மழை நாளில் சீக்கிரமா? சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துவைத்தார். நாய் இல்லாமலேயே தெருவில் வாக்கிங் போனார். ஒரு நாள் சாயங்காலம் சார்ஜர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. இந்த நம்பரைப் பாருங்க."

மின்சாரம் ஏறும் வேகத்தைக் காட்டும் சார்ஜரின் சின்னத் திரையில் ஒன்றரை கிலோவாட் என்றிருந்தது. அண்ணி பிளக்கைப் பிடுங்கினார், மறுபடி சொருகினார். விளக்கு பச்சையானது. திரையில் ஏழு.

"ஏழு! எப்படி அண்ணி?"

"இப்பதான் வந்த வண்டின்னு நினைச்சுக்குது. பெட்டிகிட்டேருந்து தகவல் வர்ற வரைக்கும் முழுசா குடுக்குது. எண்ணுங்க."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். சரியாக இரண்டு நிமிடம். பிறகு ஆரஞ்சு, ஒன்றரை. அண்ணியின் முகத்தில் புதையல் எடுத்தவர் களை. கைதட்டினேன் என்று சொன்னேனே, அது இங்கேதான்.

அவர் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் அவர் ஏன் எங்கள் அண்ணியாக இருக்கிறார்? மறுநாள் பல் டாக்டரின் மனைவியிடம் சொன்னார். அவர் பேக்கரிக்காரரிடம் சொல்லவே இல்லை, இரண்டு வீட்டுக்கும் வேலித் தகராறு. ஆனால் பேக்கரிக்காரர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டார். மூன்றாம் வீட்டு ஜிம்காரன் பேக்கரிக்காரரைப் பார்த்தான். பத்து நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சாயங்காலம் ஏழு மணியானால் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே! வீட்டு உடுப்போடும் செருப்போடும் பதினோரு பேர் வாசலுக்கு வருவார்கள். பிடுங்கு, சொருகு, இரண்டு நிமிடம் நில், உள்ளே போ. அரைமணி கழித்து மறுபடி. பல வருஷமாகத் தலையைக்கூட ஆட்டிக்கொள்ளாதவர்கள் சார்ஜர் பக்கத்தில் நின்று குசலம் விசாரித்தார்கள். ஜிம்காரன் ஒரே மாலையில் ஒன்பது தடவை பிடுங்கி ஊர்ச் சாதனை படைத்தான். இந்தத் தெரு இவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு அண்ணி வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். பேட்டரியில் நாற்பத்தொன்று சதவீதம்தான்.

கீழே சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தேன். அண்ணன் சட்டை போடாமல் நின்றுகொண்டிருந்தார். பிளக் ராத்திரி முழுக்க மாட்டியபடியேதான் இருந்திருக்கிறது. சார்ஜரில் ஆரஞ்சு விளக்கு. விடியற்காலையில் ஆரஞ்சு எரிந்து நாங்கள் பார்த்ததே இல்லை. நான் தெருவை எட்டிப் பார்த்தேன். பதினோரு வீட்டிலும் ஆரஞ்சு.

"நாப்பத்தொண்ணை வெச்சுக்கிட்டு மூணு பேரையும் ஏத்த முடியாது," என்றார் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு பேரை ஏத்தலாம். கடிகாரக்காரர் வீட்டுக்குப் போயிட்டு வந்தா நடுவழியில நின்னுடும். அப்ப மூணு பேருக்கும் இல்லை."

டாக்சிக்கு அண்ணன் போன் செய்தார். அந்த நேரத்தில், அந்தத் தூரத்துக்கு, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அண்ணி கடிகாரக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். டாக்சியில் கடிகாரக்காரர் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. படுக்கையில் வேறொருவர். மற்ற மெஷின்களும் நிறைந்திருந்தன. திங்கட்கிழமை வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவரால் திங்கட்கிழமை வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. அவசரமாக மெஷினில் போட்டுக் காப்பாற்றினார்கள். தோழி போனில் சொல்லும்போது அண்ணி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பில் இருந்ததை அணைத்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனாலும் அப்போது எங்கள் கோபமெல்லாம் கம்பெனி மேல்தான். திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். மழைக்கோட்டு, கையில் டேப்லெட், முப்பதுக்குள் வயது. அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி முழுக்க எப்படிம்மா குறைக்கலாம்? ஒரு மனுஷன் உயிருக்குப் போராடியிருக்கார்!"

"நாங்க குறைக்கலை சார். பெட்டி பூட்டிக்கிட்டுது," என்றார் அவர். "உங்க தெருவுல என்ன நடக்குதுன்னு எங்களுக்கே புரியலை. இதைப் பாருங்க."

டேப்லெட்டில் இரண்டு கோடுகள். ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தையது. சாயங்காலம் ஏறி, ஒரே மட்டமாக நின்று, ஒன்பது மணிக்கு மேல் இறங்கி அடங்கிய கோடு. இன்னொன்று வெள்ளிக்கிழமையுடையது. ரம்பம்.

"இந்த ஒவ்வொரு பல்லும் என்ன தெரியுமா? ஏழெட்டு வண்டி ஒரே நேரத்துல திடீர்னு முழு மின்சாரம் இழுக்குது. அதுவும் தெருவுல சுமை ஏற்கெனவே விளிம்புல நிக்கும்போது. பெட்டி பயந்துக்குது. ஒரு சாயங்காலத்துல அஞ்சு தடவை இப்படி ஆச்சுன்னா, தெருவுல ஏதோ பழுதுன்னு முடிவு பண்ணி, மறுநாள் காலையில ஆறு மணி வரைக்கும் எல்லாத்தையும் குறைஞ்ச அளவுலயே பூட்டிடும். இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும், தெருவே இருட்டாயிடும்." அவர் எங்களைப் பார்த்தார். "யாரோ பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுறாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் பின்னால் நின்ற அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். நான் மழைக்கோட்டின் பித்தானைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றார் அண்ணி. "முதல்ல நான்தான் கண்டுபிடிச்சேன். மத்தவங்களுக்கும் நான்தான் சொன்னேன்."

கம்பெனிப் பெண் திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஆளுங்க மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காங்க மேடம். கைக்குழந்தை தூங்கிடுச்சான்னு எழுப்பி எழுப்பிப் பார்த்திருக்கீங்க." பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "அந்த ரெண்டு நிமிஷத்தை அடைக்கணும்னு எழுதி அனுப்புறேன். ஆனா அது வர ரெண்டு மாசமாகும். அது வரைக்கும் உங்க தெரு பிளக்கைத் தொடாம இருந்தாலே போதும். எல்லாருக்கும் காலையில நூறு வரும், முன்ன மாதிரி."

"எல்லாரும் தொடாம இருக்கணுமா?"

"முக்கால்வாசிப் பேராவது."

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கடிகாரக்காரரை வீட்டுக்கு அனுப்பி, வழக்கம்போல ஆறரைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் வேறொரு சவாரி போய்விட்டு வேன் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது, பதினெட்டு சதவீதத்தோடு. இன்று ராத்திரியும் பூட்டிக்கொண்டால் மறுபடி அதே கதை. அண்ணி முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினார். நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

பத்து வீட்டுக் கதவையும் தட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னார். தன் பங்கைக் குறைக்கவில்லை. அந்தத் தந்திரம் தந்திரமே இல்லை, தானும் ஏமாந்து மற்றவரையும் ஏமாற்றிவிட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் வந்ததைச் சொன்னார். மற்றவர்களுக்கு அதுவரை அது விளையாட்டு. இங்கே பிடுங்கிய பிளக்குக்கு அங்கே ஒருவருக்கு மூச்சு முட்டும் என்று யாருக்குத் தெரியும்?

"நான் நிறுத்திடறேன்," என்றார் பல் டாக்டர். "பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்துவாரா? அதைக் கேட்டுட்டு வாங்க."

பக்கத்து வீட்டுப் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து நின்றார். "டாக்டரை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. அவர் பிடுங்குவார், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

ஜிம்காரன் கதையே வேறு. "நான் பிடுங்கவே இல்லையேக்கா!" என்றான். ஒன்பது தடவை பிடுங்கிய கை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணி கோபப்படவில்லை. "சரிப்பா, இன்னைக்கும் பிடுங்காதே," என்றார்.

கடைசி வீட்டிலிருந்து வரும்போது அண்ணி களைத்திருந்தார். "எல்லாரும் நிறுத்தறேங்கிறாங்க தம்பி. அடுத்தவன் நிறுத்துவான்னு ஒருத்தரும் நம்பலை. இது எப்படி நடக்கும்?" என்றார்.

ஏழு மணிக்கு நான் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அண்ணி வேனைச் சொருகிவிட்டு உள்ளே போய்விட்டார், அவரை வாசலுக்கே விடக்கூடாது என்று அண்ணன் கதவருகில் நாற்காலி போட்டுக்கொண்டார். தெருவில் ஒவ்வொன்றாக ஆரஞ்சு விளக்கு. அமைதி. ஆனால் ஒரு ஜன்னல் திரைகூட நேராகத் தொங்கவில்லை. எல்லா வீட்டிலும் விரலகலத்துக்கு விலகியிருந்தது.

எட்டு மணிக்கு ஜிம்காரன் வெளியே வந்தான். காரைச் சுற்றி நடந்தான். சார்ஜர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். கை மெல்ல பிளக்கின் மேல் போய் உட்கார்ந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து பேக்கரிக்காரர் இருமினார். அது சளி இருமல் இல்லை. உடனே பல் டாக்டர் வீட்டிலிருந்தும் ஓர் இருமல். வேலித் தகராறு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. ஜிம்காரன் சட்டைக் கையால் பிளக்கைத் துடைத்தான், தூசி தட்ட வந்தவன் போல. துடைத்துவிட்டு உள்ளே போனான்.

ஒன்பது இருபதுக்கு முதல் விளக்கு பச்சையானது. பிறகு அடுத்தது, அடுத்தது. பதினோரு வீடும். நான் படியிறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணி மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். அண்ணன் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் வேனில் ஏறினேன். தொண்ணூற்றெட்டு சதவீதம். சமையல்காரம்மாவையும் தபால்காரரையும் ஏற்றிக்கொண்டு, ஐந்தரைக்குக் கடிகாரக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலிலேயே இருந்தார். முகம் ஊதியிருந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அண்ணி வண்டியை எடுக்கவில்லை.

"அண்ணே, சனிக்கிழமை நடந்ததுக்குக் கம்பெனி காரணமில்லை. நான்தான்," என்றார். எல்லாவற்றையும் சொன்னார், இரண்டு நிமிடத்தை எண்ணிப் பார்த்ததையும் விடாமல். பின்னால் நாங்கள் மூன்று பேரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

கடிகாரக்காரர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் படுக்கவே முடியலைம்மா. தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பரவாயில்லைன்னு சொல்லணும்னு பாக்கறேன். வாய் வரலை."

"சொல்ல வேண்டாம்ணே."

"இப்ப வண்டியில எவ்வளவு இருக்கு?"

"எழுபத்திரெண்டு."

"ஆஸ்பத்திரி வரைக்கும் எவ்வளவு ஆகும்?"

"முப்பது."

"அப்ப போங்க. நேரமாகுது."

ஆறு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்ற இருவரும் உள்ளே போய்விட்டார்கள். கடிகாரக்காரர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வியாழக்கிழமை காலையில நான் போன் பண்ணுவேன். எவ்வளவு ஏறியிருக்குன்னு கேப்பேன். கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்கண்ணே. தினமும் கேளுங்க," என்றார் அண்ணி.

இரண்டு மாதத்தில் கம்பெனி அந்த இரண்டு நிமிடத்தை அடைத்துவிட்டது. இப்போது யார் எத்தனை தடவை பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது. இருந்தும் செவ்வாய், வியாழன், சனி விடியற்காலை நாலேகாலுக்கு எங்கள் வீட்டில் போன் அடிக்கிறது. அண்ணி வேனுக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, நம்பரைச் சொல்கிறார். பரவாயில்லை என்று கடிகாரக்காரர் இதுவரை சொன்னதில்லை. "சரி, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார்.